மீன் தொட்டியும் மின்சாரமும்



நம் இதழில் மொழி, பண்பாடு, பிள்ளைகளின் படிப்பு, ஊர்த் திருவிழா என்று பல பொருள்களில் கட்டுரைகள் வருகின்றன. இம்முறை வீட்டு முன்னறையில் இருக்கும் ஒரு சிறு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது மீன் தொட்டி. "இதில் எழுத என்ன இருக்கிறது?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இரயில்வேயின் மின்சாரப் பிரிவில் டிப்ளமோ படித்த இன்ஜினியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். தண்ணீரும் மின்சாரமும் இத்தனை அருகில், இத்தனை அலட்சியமாக வைக்கப்பட்டிருக்கும் பொருள் நம் வீடுகளில் வேறு எதுவும் இல்லை.

1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநில எல்லை போடப்பட்டபோது விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. 1979-ல் திருவனந்தபுரம் - கன்னியாகுமரி இரயில் பாதை திறக்கப்பட்டது. வேலைக்காகவும் வியாபாரத்துக்காகவும் நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள் நம்மில் பலர். ஊரில் கிணறும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்த நமக்கு, வாடகை வீட்டின் நாலு சுவருக்குள் பிள்ளைகளுக்குக் காட்ட ஓடும் தண்ணீர் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வைக்கிறோம். களியக்காவிளைக்குச் சாமான் வாங்கப் போன இடத்திலோ, நெய்யாற்றின்கரையில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதோ, பிளாஸ்டிக் பையில் நாலு மீன் வாங்கி வருகிறோம். சென்னை கொளத்தூர் வண்ண மீன் வியாபாரத்துக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற இடம். சென்னைக்குப் போய்வரும் சிலர் அங்கிருந்தே கொண்டு வருகிறார்கள். இதில் தவறே இல்லை. மாலையில் வேலை முடிந்து வந்து பத்து நிமிடம் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தால் மனம் அமைதி அடையும்.

ஆனால் தொட்டியோடு கூடவே ஏர் பம்ப், ஃபில்ட்டர், விளக்கு, சில வீடுகளில் ஹீட்டர் என்று மூன்று நான்கு மின் கருவிகளும் வந்துவிடுகின்றன. நாலுக்கும் இருப்பது ஒரே பிளக் பாயிண்ட். ஆகவே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வருகிறது. அது தொட்டிக்கு அடியில் தரையில் கிடக்கிறது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள சாதாரணத் தொட்டியில் சுமார் 56 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கண்ணாடியின் ஒட்டு விட்டால் அத்தனையும் நேராக அந்தப் பெட்டியின் மேல்தான் வந்து விழும். நல்லது கெட்டதுக்கு உறுப்பினர் வீடுகளுக்குப் போகும்போது, பாறசாலையிலும் இஞ்சிவிளையிலும் தனுவச்சபுரத்திலும் அமரவிளையிலும் இந்த ஏற்பாட்டை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன்.

"மீன் உயிரோடுதானே இருக்கிறது?"

இதைப் பற்றிப் பேசினால் முதலில் கிடைக்கும் பதில் இதுதான். "தண்ணீரில் கரண்ட் இருந்தால் மீன் செத்திருக்காதா? மீன் நன்றாகத்தானே நீந்துகிறது!" படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். இது முற்றிலும் தவறான எண்ணம்.

மின்கம்பியின் மேல் காக்கை உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறோம். அதற்கு ஒன்றும் ஆவதில்லை. மின்சாரம் அதன் உடலுக்குள் புகுந்து வேறொரு பக்கமாக வெளியேற வழி இல்லை என்பதே காரணம். மீன் தொட்டியும் அப்படித்தான். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. பம்பின் இன்சுலேஷன் கிழிந்து ஃபேஸ் கம்பி தண்ணீரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியிலுள்ள தண்ணீர் முழுவதும் 230 வோல்ட்டுக்கு ஏறி நிற்கும். வெளியேற வழி இல்லாததால் மீன் வழியாக மின்சாரம் பாய்வதில்லை. அது வழக்கம்போல் நீந்திக்கொண்டிருக்கும். அந்த வேளையில் வெறுங்காலோடு தரையில் நின்று நாம் கையை உள்ளே விட்டால், மின்சாரம் தேடிக்கொண்டிருந்த வழி கிடைத்துவிடுகிறது. கையில் நுழைந்து, நெஞ்சைக் கடந்து, கால் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. நம் வீடுகளில் செருப்பு அணிந்து நடக்கும் வழக்கம் இல்லை. தண்ணீர் மாற்றும் நேரத்தில் தரையும் ஈரமாகத்தான் இருக்கும்.

ஆகவே மீன் பிழைத்திருப்பது மனிதனுக்குப் பாதுகாப்பு என்பதற்குச் சான்று ஆகாது.

எவ்வளவு மின்சாரம் ஆளைக் கொல்லும்?

"சின்னப் பம்ப்தானே, ஐந்து வாட்தானே, அது என்ன செய்துவிடும்?" என்பது அடுத்த கேள்வி. கருவி சிறியது என்பதால் ஆபத்து சிறியதாகிவிடாது. கம்பியின் இன்சுலேஷன் கிழிந்த இடத்திலிருந்து உடலுக்கு வரும் மின்சாரம் அந்த மோட்டாரைச் சுற்றிக்கொண்டு வருவதில்லை. நேராக வருகிறது. எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது நம் உடலின் தடைதான். உலர்ந்த தோலுக்கு நல்ல தடை உண்டு. நனைந்த கைக்கு அது வெகுவாகக் குறைந்து, ஏறத்தாழ 1,000 ஓம் அளவுக்கு வந்துவிடும். 230 வோல்ட்டை 1,000-ஆல் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இது ஓம் விதியில் வரும் பள்ளிக்கூடக் கணக்கு.

இதில் 1 மில்லி ஆம்பியர் அளவிலேயே சுருக்கென்று தெரியும். 10 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தசைகள் இறுகிப் பிடித்த பிடியை விட முடியாமல் போகலாம். அமெரிக்காவின் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த சார்லஸ் டால்சியல் என்பவர் தன்னார்வலர்களைக் கொண்டு இதை அளந்து பார்த்தார். ஆண்களால் சராசரியாக 16 மில்லி ஆம்பியர் வரையிலும், பெண்களால் சராசரியாக 10.5 மில்லி ஆம்பியர் வரையிலும்தான் பிடித்ததைத் தாமாக விட முடிந்தது. குழந்தைகளுக்கு இன்னும் குறைவு. 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் மூச்சுத் திணறும். 50, 100 என்று ஏறும்போது இதயம் ஒழுங்காகத் துடிக்காமல் நடுங்கத் தொடங்கும். நம் கணக்கில் வந்ததோ 230.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி இந்தியாவில் ஆண்டுதோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். அத்தனை பேரும் மின்கம்பத்தில் ஏறியவர்கள் அல்லர். வீட்டில் மோட்டார் போடப் போனவர்களும் துணி காயப்போட்டவர்களும் அதில் உண்டு.

எம்.சி.பி. காப்பாற்றாது

"எங்கள் வீட்டில் எம்.சி.பி. போட்டிருக்கிறோம், ஏதாவது என்றால் அது விழுந்துவிடும்" என்று நம்பி இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கவும்.

எம்.சி.பி. என்பது வயரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்படுவது. ஷார்ட் சர்க்யூட் ஆனாலோ, தாங்க முடியாத அளவு லோடு ஏறினாலோ அது விழும். சாதாரணமாக நம் லைட் சர்க்யூட்டில் இருப்பது 6 ஆம்பியர், அதாவது 6,000 மில்லி ஆம்பியர். 230 மில்லி ஆம்பியரில் ஒரு மனிதன் துடித்துக்கொண்டிருந்தாலும் அதற்கு அது ஒரு விளக்கு எரிவது போலத்தான். அது அசையாது.

மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எனப்படும் கருவி. பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றும் சொல்கிறோம். ஃபேஸில் போன மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று இது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. ஒரு பகுதி வேறு வழியாகத் தரைக்குப் போகிறது என்று கண்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. வீட்டுக்கு ஏற்றது 30 மில்லி ஆம்பியர் வகை. மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளும் வீட்டு இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மேற்படாத கசிவுக் காப்பு வேண்டும் என்றே சொல்கின்றன. மிகச் சிறிய இணைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் விலக்கு சட்டத்தில்தான் உண்டு, மின்சாரத்துக்கு அது தெரியாது. வாங்கும்போது மேலே 30 மி.ஆ. என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 100, 300 என்று எழுதியவையும் கடையில் உண்டு. அவை உயிரைக் காக்கப் போதா.

காவல்காரனைக் கட்டிப்போடும் வழக்கம்

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு இப்போது வருகிறேன். ஆர்.சி.சி.பி. இல்லாத வீடுகளைவிட எனக்கு அதிகக் கவலை தருவது, அது இருந்தும் பைபாஸ் செய்யப்பட்ட வீடுகள்தான். அதுவும் மீனுக்காகவே செய்கிறார்கள்.

பாறசாலைக்கு அருகில் ஒரு வியாபாரக் குடும்பத்தில் இதைக் கண்டேன். போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறது, மீன் தொட்டிக்குப் போகும் லைன் மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு நேராகப் போகிறது. ஏன் என்று கேட்டேன். அந்தத் தம்பி சொன்னார்: "இடி இடிச்சா இது விழுந்துருது அண்ணாச்சி. கொடைக்கு ஊருக்குப் போயிட்டு மூணு நாள் கழிச்சு வந்து பாத்தா மொத்த மீனும் செத்து மிதக்குது. பிள்ளைங்க ஒரே அழுகை. அதான் எலக்ட்ரீஷியன் கிட்ட சொல்லி டைரக்டா கொடுத்துட்டேன்." அவர் மனைவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தத் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுக் கழுவுகிறவர்.

நான் மெக்கர் வைத்துச் சோதித்தேன். மூழ்கியிருக்கும் பம்பின் வயர், தொட்டியின் கண்ணாடி விளிம்பில் நாள்பட உரசி, மேலுறை கிழிந்து கசிந்துகொண்டிருந்தது. ஆக, ஆர்.சி.சி.பி. விழுந்ததற்கு இடி மட்டும் காரணம் அல்ல. வீட்டுக்குள் கசிவு இருக்கிறது என்று அது பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நாய் குரைத்துத் தூக்கம் கெடுகிறது என்று நாயைக் கட்டிப்போட்டால் திருடனுக்குத்தானே கொண்டாட்டம்!

அந்தத் தம்பியின் சங்கடத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. நம் எல்லைப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாவர்ஷமும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையிலும், சித்திரை, வைகாசியிலும் பிற்பகல் நேரத்து இடி பயங்கரமானது. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்.சி.சி.பி. இருந்தால், கம்ப்யூட்டர், எல்.இ.டி. விளக்கு, வாஷிங் மெஷின் ஒவ்வொன்றும் இயல்பாகக் கசியவிடும் சிறு அளவுகள் எல்லாம் ஒன்று கூடி அதை விளிம்பில் நிறுத்தி வைத்திருக்கும். கொஞ்சம் இடி இடித்தாலும் விழும். இதற்குப் பரிகாரம் உண்டு. தொட்டிக்கு மட்டும் தனியாக ஒரு ஆர்.சி.பி.ஓ. போட்டுவிட வேண்டும். இது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஒரே கருவி. அதற்கான வயரை மெயின் ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்தே எடுத்தால், மற்ற இடத்துக் கசிவு தொட்டியை நிறுத்தாது. தொட்டியில் கசிவு வந்தால் அந்த லைன் மட்டும் விழும். மூன்று நாள் ஊருக்குப் போகிறவர்கள் மின்சாரம் நின்றால் தானாக ஓடத் தொடங்கும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைக்கலாம். தொட்டியில் மீனை நெருக்கி அடைக்காமல் இருந்தாலே, பம்ப் நின்றாலும் மீன்கள் உடனே சாவதில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் சாவி கொடுத்து ஒரு நேரம் பார்க்கச் சொன்னால் அதுவும் போதும்.

மீனைக் காப்பாற்ற இத்தனை வழி இருக்கும்போது, வீட்டில் உள்ளவர்களின் காவலைக் கழற்றி எறிய வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இன்வெர்டர் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. மின்வெட்டிலும் ஓடட்டும் என்று தொட்டியை இன்வெர்டர் லைனில் கொடுத்திருப்பீர்கள். பல வீடுகளில் இன்வெர்டரிலிருந்து வெளியே போகும் லைன் மெயின் போர்டு ஆர்.சி.சி.பி.யின் காவலுக்குள் வருவதில்லை. இன்வெர்டர் ஓடும் நேரத்தில் தொட்டிக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். இன்வெர்டரின் வெளிச்செல்லும் பக்கத்திலும் ஒரு 30 மில்லி ஆம்பியர் கருவி போட முடியுமா என்று லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் கேளுங்கள்.

வாடகை வீடும் எர்த்தும்

நம்மில் பலர் வாடகை வீட்டில் இருக்கிறோம். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் பாயிண்ட் இருக்கும்; அதன் பெரிய துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. இன்னும் சில வீடுகளில் எர்த் குழி இருக்கும். ஆனால் நம் பகுதியின் வெட்டுக்கல் மண் கோடையில் வறண்டு இறுகிவிடும்போது அந்த எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எர்த் சரியாக இல்லாவிட்டால், இரும்பு ஸ்டாண்டுக்கோ விளக்கின் தகர மூடிக்கோ மின்சாரம் ஏறினால் நாம் தொடும்வரை அது அங்கேயே காத்திருக்கும்.

"வீட்டுக்காரர் செய்து தர மாட்டார், நாமாக ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று சிலர் கேட்கிறார்கள். வெளியூரிலிருந்து வந்து குடியிருக்கும் நமக்கு வீட்டுக்காரரிடம் கேட்பதற்கு ஒரு தயக்கம் இருப்பது இயல்பு. ஆனால் ஒரு ஆர்.சி.சி.பி.யின் விலை நாம் தொட்டிக்கும் மீனுக்கும் செய்யும் செலவைவிடப் பெரிதல்ல. வீடு மாறும்போது கழற்றி எடுத்துக்கொண்டும் போகலாம். வீட்டுக்காரரிடம் மரியாதையாகச் சொல்லி, அவர் சம்மதத்தோடு, லைசென்ஸ் உள்ளவரைக் கொண்டு செய்யுங்கள். வீடு அவருடையது என்றாலும் தண்ணீரில் போகும் கை நம்முடையது.

இரயில்வேயில் ஒரு பழக்கம்

இரயில் பாதைக்கு மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட் இருக்கிறது. அதில் வேலை செய்ய வேண்டுமானால் "கரண்ட் ஆஃப் பண்ணியாச்சு" என்று யாரோ சொன்னது போதாது. பவர் பிளாக் வாங்க வேண்டும், எழுத்தில் பெர்மிட் வாங்க வேண்டும், வேலை செய்யும் இடத்துக்கு இரு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆள் ஏறலாம். அதற்கு முன் இரண்டு மீட்டருக்குள் யாரும் நெருங்கக் கூடாது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் இதே விதிதான்.

வீட்டில் பெர்மிட் எழுத வேண்டாம். ஆனால் அந்த விதியின் சாரத்தை எடுத்துக்கொள்ளலாம். தொட்டிக்குள் கை போகும் முன் பிளக் வெளியே வந்திருக்க வேண்டும். வெளியே வந்த பிளக் நம் கண்ணுக்குத் தெரியும்படி கிடக்க வேண்டும்.

சுவிட்சை நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நம் வீட்டு சுவிட்சு ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. வயரிங் செய்தவர் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்திருந்தால், சுவிட்சு துண்டிப்பது நியூட்ரலை. பம்ப் நின்றுவிடும், ஆனால் ஃபேஸ் பம்புக்குள்ளேயே இருக்கும். பிளக்கை உருவினால் இரண்டு கம்பியும் போய்விடுகிறது. சந்தேகத்துக்கே இடமில்லை. உருவும் கை உலர்ந்த கையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மாதம் ஒருமுறை பார்க்க வேண்டியவை

மாதத்தின் முதல் ஞாயிறு என்று நாள் குறித்துக்கொண்டால் மறக்காது. கால் மணி நேரம் போதும்.

1. ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று எழுதிய பொத்தான் இருக்கும். மின்சாரம் இருக்கும்போது அதை அமுக்கினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை இந்தப் பொத்தான் சொல்லாது. எர்த்தைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

2. ஒவ்வொரு வயரையும் பிளக் முதல் தண்ணீர் வரை பார்வையிடுங்கள். மூடிக்கு அடியிலும் கண்ணாடி விளிம்பிலும் நசுங்கியிருக்கிறதா, வெயில் பட்டு விறைத்து வெடித்திருக்கிறதா என்று கவனியுங்கள். தண்ணீருக்குள் போகும் வயரில் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒட்டு இருந்தால் அந்தக் கருவியைத் தூக்கி எறியுங்கள்.

3. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தரையில் கிடக்கக் கூடாது. தொட்டிக்கு அடியிலும் வேண்டாம். பக்கவாட்டில், சுவரில், தண்ணீர் தெறிக்காத உயரத்தில் மாட்டுங்கள்.

4. வயர் பிளக்குக்கு நேராக இறங்கக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, மறுபடி மேலே ஏறிப் பிளக்குக்கு வர வேண்டும். வயர் வழியாக வழியும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். கம்பத்திலிருந்து நம் வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரும் உள்ளே நுழையும் முன் இப்படித்தான் வளைந்து தொங்கும்.

5. ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால், மின்சாரம் நிற்கும்போது காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து பம்புக்குள் புகும். மேலே வைக்க இடமில்லை என்றால் குழாயில் ஒருவழி வால்வு போடுங்கள். விலை மிகக் குறைவு.

6. மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்தோ, இரண்டு முனை அடாப்டர் போட்டோ பயன்படுத்தக் கூடாது.

7. ஹீட்டர் இருந்தால், தண்ணீர் மாற்றுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பிளக்கை உருவி ஆறவிடுங்கள். சூடான கண்ணாடிக் குழாய் தண்ணீருக்கு வெளியே வந்தால் வெடிக்கும். அதில் மீண்டும் தண்ணீர் ஏறினால் கசிவுதான். என்னைக் கேட்டால், நம் பகுதியின் வெப்பத்துக்குத் தங்க மீனுக்கும் கப்பிக்கும் ஹீட்டர் தேவையே இல்லை. குளிர் நாட்டுப் பழக்கத்தைப் பார்த்து இங்கே வாங்கி வைக்கிறார்கள். வேண்டாத கருவியை எடுத்துவிடுவதைவிடச் சிறந்த பாதுகாப்பு கிடையாது.

யாருக்காவது மின்சாரம் தாக்கிவிட்டால், பதறி ஓடிப்போய் அவரைத் தொடக் கூடாது. முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பிறகு ஆளைத் தொடலாம். மூச்சு இல்லை என்றால் உள்ளங்கையை நெஞ்சின் நடுவில் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை பலமாக அழுத்திக்கொண்டே இருங்கள். வேறொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் காட்டி வைத்திருக்க வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் நம் சங்கத்துக்கும்

மீன் கடைக்காரர்கள் எந்த மீனோடு எந்த மீன் சேரும், எவ்வளவு தீனி போட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். பம்பை விற்கும்போது "கை விடும் முன் பிளக்கை உருவுங்கள்" என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும். தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சிறு சீட்டு அச்சடித்துத் தொட்டியில் ஒட்டிக் கொடுக்கலாம். பெயர் இல்லாத, முத்திரை இல்லாத மலிவுப் பம்புகளை விற்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

நம் சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. பொங்கல் விழாவுக்கும் ஆண்டு விழாவுக்கும் நாம் காட்டும் உற்சாகத்தில் ஒரு சிறு பங்கை இதற்குக் கொடுப்போம். தனுவச்சபுரத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, நெய்யாற்றின்கரையில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. நம் பிள்ளைகள் சிலர் அங்கே படிக்கிறார்கள். ஆசிரியர்களின் அனுமதியோடு அவர்களில் நாலைந்து பேரையும், லைசென்ஸ் உள்ள ஒரு வயர்மேனையும் சேர்த்துக்கொண்டு, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கலாம். ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, விழுகிறதா, எர்த் இருக்கிறதா, ஃபேஸ் நியூட்ரல் சரியாக இருக்கிறதா என்ற நாலே கேள்விகள். மீன் தொட்டி இல்லாத வீட்டுக்கும் இதனால் பயன் உண்டு. வாஷிங் மெஷினும் கிணற்று மோட்டாரும் இல்லாத வீடு எது? என்னால் முடிந்தவரை கூட வருவதற்குத் தயாராக இருக்கிறேன். மெக்கர் என் கையில் இருக்கிறது.

செலவு என்று பார்த்தால், வசதி குறைந்த உறுப்பினர் வீடுகளுக்கு மட்டும் ஆர்.சி.சி.பி. வாங்கிக் கொடுக்க ஒரு நிதி ஒதுக்கலாம். வரும் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவரும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் அங்கே எழுந்து சொல்லட்டும், விவாதிப்போம்.

அதுவரை காத்திருக்க வேண்டாத காரியம் ஒன்று இருக்கிறது. இந்த இதழை மூடி வைத்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டுப் போர்டில் அந்த டெஸ்ட் பொத்தானைத் தேடிப் பாருங்கள். இருந்தால் அமுக்குங்கள். விழுந்தால் நிம்மதி. விழாவிட்டாலோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாலோ, அது சரியாகும் வரை பிளக்கை உருவாமல் தொட்டிக்குள் யாரும் கை வைக்கக் கூடாது என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும், முக்கியமாகப் பிள்ளைகளிடம், இன்றே சொல்லிவிடுங்கள்.